விராலுக்கு ராடு எடுத்த கதை

தோல் ஃபாக்டரியில் செலக்டர் என்றால் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். தொட்டுப் பார்க்கிற வேலை. பதனிட்ட ஆட்டுத்தோல் அடுக்கடுக்காக என் மேஜைக்கு வரும். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் விரித்து, வயிற்றுப் பக்கம் கிள்ளி, கழுத்துப் பக்கம் மடித்துப் பார்த்து, ஏ, பி, சி என்று பிரித்துப் போடுவேன். உண்ணி கடித்த தழும்பு, வேலிமுள் கீறிய கோடு, உரிக்கும்போது கத்தி பட்ட இடம், எதுவும் எனக்குத் தப்பாது. ஆம்பூரில் இருபத்தாறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன்.

இதனால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். சட்டைத்துணி எடுத்தாலும், தலையணை வாங்கினாலும், கத்தரிக்காய் பொறுக்கினாலும் என் விரல் சரி என்று சொன்னால்தான் சரி. கடைக்காரன் சொல்வதெல்லாம் அப்புறம். என் மனைவி இதற்கு செலக்டர் வியாதி என்று பெயர் வைத்திருக்கிறாள். அவள் வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வியாதிகளைப் பற்றி அவள் சொன்னால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை.

எங்கள் வீடு காட்பாடியில். நான் காலை ரயிலைப் பிடித்து ஆம்பூர் போவேன். அவள் ஷிஃப்டுக்குத் தகுந்தபடி போவாள், வருவாள். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் லீவு ஒரே நாளில் வந்தது அபூர்வம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு எழுதி ஒட்டிப் பேசிக்கொண்ட மாதங்கள் உண்டு. மகள் சின்னவளாக இருந்தவரை அது பெரிதாகத் தெரியவில்லை. மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த அதே வருஷம், சீனியர் ஆகிவிட்டதால் என் மனைவிக்கு ஞாயிறு லீவு கிடைக்க ஆரம்பித்தது. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எங்களுக்கும் இருக்கும் என்று நினைத்தேன்.

அவளோ எமர்ஜென்சி தியேட்டரில் ஆள் கம்மி என்று ஃபோன் வந்தால் போதும், ஞாயிறு டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவாள். ஒரு நாள் ஏன் என்று கேட்டுவிட்டேன்.

"வீட்ல உக்காந்து இன்னாங்க பண்றது? நீங்க டிவியப் பாப்பீங்க. நான் உங்களப் பாக்கணும்," என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு முழுக்க டிவி போடவில்லை.

அப்போது நான் ஃபோனில் விரால் மீன் பிடிக்கிற வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படி அதற்குள் போனேன் என்று தெரியவில்லை. ஒன்றைப் பார்த்தால் அது இன்னொன்றை இழுத்து வருகிறது. ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும். ஒருவன் ரப்பரில் செய்த தவளையை அதன்மேல் எறிந்து, தத்தித் தத்தி இழுப்பான். ஒரு சத்தமும் இருக்காது. திடீரென்று தண்ணீர் வெடித்து ஒரு கறுத்த வாய் தவளையை அப்படியே விழுங்கும். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். அவளுக்கும் காட்டினேன். அவளும் "ஐயோ" என்று நெஞ்சில் கை வைத்தாள். அதோடு நிற்காமல், "இன்னொரு தபா போடுங்க" என்றாள். எனக்கு அது போதும்.

"ஞாயித்துக்கெழமை சர்ச்சு முடிஞ்சதும் ஏரிக்குப் போலாமா? ரெண்டு பேரும்?" என்று கேட்டேன்.

அவள் நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுப்பது மாதிரி கணக்காகச் சொன்னாள். "நாலு ஞாயிறு வர்றேன். எனக்குப் போர் அடிக்காம இருந்தா சரி. போர் அடிச்சா அஞ்சாவது வாரத்துலேர்ந்து ஞாயிறு டூட்டி எழுதிக் குடுத்துடுவேன். அப்புறம் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

நான் போட்ட கணக்கு சுலபமானது. மீன் மாட்டினால் யாருக்குப் போர் அடிக்கும்? நாலு ஞாயிற்றுக்குள் ஒரு விரால் மாட்ட வேண்டும். அதற்கு நல்ல சாமான் வேண்டும். சாமான் பொறுக்குவதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா?

வேலூர் பஜார் பக்கத்துச் சந்து ஒன்றில் தூண்டில் சாமான் விற்கிற கடை இருக்கிறது. கடைக்காரர் மேல்விஷாரத்து பாய், என் வயதுதான். ஒரு காலத்தில் அவரும் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர் என்று பேச்சில் தெரிந்தது. விராலுக்கு, முதல் தடவை என்று சொன்னதும் அவர் மேலே கையை விட்டு ஒரு தூண்டில் ராடை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பொருத்தமாக ஒரு ரீல். பின்னிய நூல் ஒரு உருண்டை. நாலு ரப்பர் தவளை. ஒரு இடுக்கி. "அவ்ளோதான் சார். புதுசா வர்றவங்களுக்கு இதுக்கு மேல ஒண்ணும் வேணாம்," என்றார். மூன்று நிமிஷத்தில் வியாபாரம் முடிந்திருக்க வேண்டும்.

நான் ராடை வாங்கி வளைத்துப் பார்த்தேன். வளையவில்லை. நுனி மட்டும் லேசாக அசைந்தது.

"இன்னா பாய் இது? கதவுக்கு முட்டுக் குடுக்கற கம்பு மாதிரி இருக்குது?"

"விராலுக்கு அப்டிதான் இருக்கணும் சார்."

எனக்கு ஒப்பவில்லை. என் தொழிலில் விறைப்பு என்பது குறை. நல்ல தோல் என்றால் கையில் எடுத்ததும் வழிந்து விழ வேண்டும். மடித்தால் மடிய வேண்டும், விட்டால் திரும்ப வேண்டும். விறைத்துக்கொண்டு நிற்கிற தோலை நான் இரண்டாவது முறை பார்க்காமல் ஓரமாகத் தள்ளிவிடுவேன். கடையில் இருந்த எல்லா ராடுகளையும் இறக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாக வளைத்து, தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அடடா, என்ன இதம்! நுனியைப் பிடித்து இழுத்தால் அடிவரைக்கும் அரை வட்டமாக வளைந்து வந்தது.

"சார், அது ஜிலேபி மீனுக்கு," என்றார் பாய்.

"இருக்கட்டும். கைக்கு எப்டி இருக்குது பாருங்க."

"கைக்கு நல்லாத்தான் இருக்கும். விராலுக்கு வாய் பூரா எலும்பு சார். கம்பு சாஃப்டா இருந்தா முள்ளு உள்ள ஏறாது."

நான் கேட்கவில்லை. நூலுக்கு வந்தேன். சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற தோல் கனம் பார்க்கிற கேஜை எடுத்து நூலின் கனத்தை அளந்தேன். பாய் அதைப் பார்த்துவிட்டு ஒரு டீ சொன்னார். பிறகு தவளைகள். ஒரு டப்பா நிறைய இருந்தன. ஒன்றில் பெயிண்ட் வழிந்திருந்தது, ஒன்றில் ஒட்டு கோணல், ஒன்றில் கண் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை. பழக்கதோஷம், கை தானாகப் பிரிக்க ஆரம்பித்துவிட்டது. டீ வருவதற்குள் அவர் கவுன்டரின் மேல் ஏ, பி, சி என்று மூன்று குவியல் தவளைகள்.

"சார், மீனு வந்து கிரேடு பாக்காது," என்றார் பாய் ரொம்பப் பொறுமையாக.

நான் ஏ ரகத்தில் இரண்டு மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றதை நானே செய்துகொள்வேன் என்று சொன்னேன். ஃபாக்டரியில் மிருதுவான நப்பா தோல் துண்டுகள் கழிவாக விழும். அதை வெட்டி, தைத்து, உள்ளே பஞ்சு திணித்து, பச்சை அடித்து, அந்த வாரமே தவளை ஒன்று செய்தேன். அப்படி ஒரு தவளையை எந்தக் கடையிலும் பார்க்க முடியாது. தையல் எங்கே இருக்கிறது என்று தேடினால்தான் தெரியும். என் மனைவி உள்ளங்கையில் வைத்துத் தடவிப் பார்த்து, "இத ஏங்க தண்ணியில போடறீங்க? சாவி மாட்டலாமே," என்றாள்.

ஏரி விரிஞ்சிபுரம் தாண்டி உள்ளே போக வேண்டும். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து கரைவரை தண்ணீர் நின்றது. ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரிடம் அனுமதி கேட்டபோது, என் கையிலிருந்த ராடைப் பார்த்துவிட்டு, "இத வெச்சிக்கினு நீ எத்தினி புடிச்சிடப் போற, போ," என்று விட்டுவிட்டார். அதை நான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறு. ஒரு வேப்பமரத்து நிழலில் பாயை விரித்தாள் என் மனைவி. ஃபிளாஸ்கில் டீ, டப்பாவில் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். நான் கரையில் நின்று தோல் தவளையை எறிந்தேன். அழகாகப் போய் விழுந்தது. பத்து தடவை நன்றாக மிதந்தது. பதினோராவது தடவை பாதி மூழ்கியது. அரை மணி நேரத்தில் குடிக்க வேண்டிய தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு, ஊறிய துண்டு மாதிரி கனத்து, போட்ட இடத்தில் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. தோல் தண்ணீர் குடிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தோலை ஊறவைக்கிற ஊரிலேயே காலம் முழுக்க வேலை பார்க்கிறவன் நான். தெரிந்ததெல்லாம் சமயத்தில் எங்கே போகிறதோ.

ரப்பர் தவளையை மாட்ட வேண்டியிருந்தது. நூலில் சிக்கு வேறு. அவள் எழுந்து வந்து, "குடுங்க, நான் பிரிக்கறேன்," என்று கை நீட்டினாள்.

"தொடாத, தொடாத," என்றேன்.

கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் வேலையில் அப்படி ஒரு வழக்கம். செலக்டர் மேஜையில் இருக்கும்போது வேறு யாரும் தோலைத் தொடக்கூடாது. ஹெல்பர்கள் கொண்டுவந்து வைப்பார்கள், பிரித்ததை எடுத்துப் போவார்கள். நடுவில் ஒரு கை பட்டால் வரிசை மாறும், ரகம் மாறும். ஒரு தோலைப் பார்க்க ஆரம்பித்தால் கடைசிவரை ஒரே கைதான். அந்தப் பேச்சு என் வாயில் அப்படியே ஊறிப்போயிருந்தது. அவள் "சரி" என்று போய் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டாவது ஞாயிறு விரால் வந்தது. வீடியோவில் பார்த்த மாதிரியே தண்ணீர் வெடித்தது. பாய் சொல்லியிருந்தபடி இரண்டு எண்ணிவிட்டு ஓங்கி இழுத்தேன். என் அருமையான ராடு அரை வட்டமாக வளைந்தது. வளைந்துகொண்டே இருந்தது. நான் இழுத்த பலமெல்லாம் அந்த வளைவுக்குள்ளேயே போய்விட்டது. விரால் தவளையைத் துப்பிவிட்டுப் போயிற்று. துப்பின தவளையில் பல் பட்ட தடம்கூட இருந்தது. மூன்றாவது ஞாயிறும் இதே கதை, இரண்டு தடவை. இரண்டாவது தடவை நான் போட்டிருந்த முடிச்சும் அவிழ்ந்து, ஏ ரகத் தவளை ஒன்று மீனோடு போய்விட்டது.

இதற்கு நடுவில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நான் கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல் "இடுக்கி" என்று கையைப் பின்னால் நீட்டினால், அடுத்த நொடி இடுக்கி உள்ளங்கையில் வந்து உட்காரும். பிடி சரியாக என் விரல்களுக்குள் இருக்கும். "துணி" என்றால் துணி. "டீ" என்றால் ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிய டம்ளர். சில சமயம் நான் கேட்பதற்கு முன்பே வந்துவிடும். இப்படி ஒரு துணை யாருக்குக் கிடைக்கும் என்று நான் மனசுக்குள் பூரித்துப் போனேன். அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்றுகூட நினைத்தேன். முட்டாள்தனத்துக்கு ஏ, பி, சி போட்டால் அது ஏ ரகம்.

மூன்றாவது ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் அவள் காலண்டரில் அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள். பேனாவால் போடவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு நான் ஆறுதல் பட்டேன். ஆனாலும் விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு ஞாயிறுதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ரயில் இறங்கியதும் நேராக பாய் கடைக்குப் போனேன். ராடைக் கவுன்டரில் வைத்தேன். அவர் முதல் நாள் காட்டிய அந்த விறைத்த ராடை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்.

"புதுசா வர்றவங்கள்ல கலரப் பாத்து ஏமாந்தவங்க உண்டு, பேரப் பாத்து ஏமாந்தவங்க உண்டு," என்றார். "சாஃப்டுக்கு ஏமாந்த ஆளு நீங்க ஒருத்தர்தான் சார். ஆம்பூரா?"

"ஆம்பூர்தான்."

"நெனச்சேன். நானும் அந்த ஷாப்புல இருந்தவன்தானே. மொத தடவ நானும் இதயேதான் எடுத்தேன். மூணு மாசம் பேஜாரு."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பழைய ராடைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வித்தியாசப் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, சி ரகக் குவியலிலிருந்து ஒரு தவளையைச் சும்மா கொடுத்தார். கண் இரண்டும் கோணலாக இருந்த அதே தவளை.

நாலாவது ஞாயிறு. சர்ச்சில் அன்றைக்கு என்ன பிரசங்கம் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. ஏரிக்குப் போய், மரத்தடியில் அவள் பாயை விரிப்பதற்குள் நான் எறிய ஆரம்பித்துவிட்டேன். புது ராடு கையில் முரண்டு பிடித்தது. எறிய எறியத் தோள் வலித்தது. ஆனால் கோணல் கண் தவளை ஆகாயத்தாமரை மேல் தத்தித் தத்தி வந்தபோது, நுனியில் அதன் ஒவ்வொரு அசைவும் கைக்குத் தெரிந்தது. மிருது ராடில் இதெல்லாம் தெரியவே இல்லை. தொட்டுத் தெரிந்துகொள்கிற வேலை என்று அத்தனை பேச்சுப் பேசியவனுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

பதினொரு மணி வாக்கில் தண்ணீர் வெடித்தது. ஒன்று, இரண்டு. இழுத்தேன். இந்தத் தடவை ராடு வளையவில்லை, மீன்தான் வந்தது. ராடு கையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. ஆகாயத்தாமரைக்குள் புகப் பார்த்த மீனை விடாமல் இழுத்துக் கரையில் போட்டேன். ஒன்றரைக் கிலோ இருக்கும். கறுப்பும் பச்சையுமாக, வயிறு வெளுத்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தது. நான் சின்னப் பையன் மாதிரி கத்தினேன். ஏரிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"இடுக்கி!" என்று கையை நீட்டினேன். வந்தது. முள்ளை எடுத்தேன். "துணி!" வந்தது. மீனைத் துணியில் பிடித்துக்கொண்டு திரும்பி, "பாத்தியா? பாத்தியா?" என்றேன்.

"நல்ல மீனுங்க," என்றாள். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் சொன்னாள், எனக்காக. வாளியில் தண்ணீர் பிடித்து வந்து மீனை விட்டு, மூடி போட்டாள். பிறகு போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டாள். பையிலிருந்து ஃபோனை எடுத்தாள்.

"யாருக்கு?"

"தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டருக்கு மெசேஜ் போடறேன். அடுத்த ஞாயிறு டூட்டிக்கு வர்றேன்னு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "மீனு மாட்டிச்சே?" என்றேன்.

"மாட்டிச்சுங்க. நான் இல்லன்னு சொன்னனா?"

"அப்புறம் இன்னா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "தியேட்டர்ல நான் இன்னா பண்றேன் தெரியுமா? டாக்டர் கைய நீட்டுவாரு. நான் எடுத்து வெப்பேன். கத்திரின்னா கத்திரி, நூலுன்னா நூலு. வாரத்துல ஆறு நாளு இதான். ஏழாவது நாளு இங்க வந்து உங்களுக்கு எடுத்து வெக்கறேன். அங்கன்னா சம்பளமாவது குடுக்கறாங்க."

கடைசி வரியைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு ஞாயிறாக நான் கையைப் பின்னால் நீட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. விறைப்பு, மிருது, கனம், கலர் என்று அந்தக் கடையில் ஒன்றரை மணி நேரம் நின்று பொறுக்கினேனே, இரண்டு பேர் போகிறோம், எத்தனை ராடு வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? போகலாமா ரெண்டு பேரும் என்று கேட்டவன் நான்தான். வாங்கியது ஒன்று. அந்த ஒன்றையும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

மன்னிப்பு கேட்க எனக்குச் சரியாக வராது. ராடைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன்.

"எனக்கு எறியத் தெரியாதே."

"எனக்கு மட்டும்?"

அது அவளுக்கு நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ராடை வாங்கியதும் முதலில் செய்த காரியம், நான் தவளையில் போட்டிருந்த முடிச்சைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கினாள். நூலை நறுக்கிவிட்டு வேறு ஒரு முடிச்சுப் போட ஆரம்பித்தாள். விரல்கள் போன வேகத்தில் என்ன செய்தாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. இழுத்துப் பார்த்துவிட்டு, "வயித்துல போட்ட தையலே அவிழாது. இது அவிழுமா?" என்றாள்.

முதல் எறி அவள் காலடியில் விழுந்தது. இரண்டாவது பின்பக்கம் வேப்பமரத்துக்குப் போயிற்று. மூன்றாவது நேராகக் கருவேலம் புதரில். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று என்னோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஏழாவது எட்டாவது எறியில் தவளை தண்ணீரில் விழுந்தது. இருபதாவதில் ஆகாயத்தாமரை ஓரமாக, அவள் நினைத்த இடத்துக்குக் கிட்டத்தட்ட போய் விழுந்தது. தத்தித் தத்தி இழுத்தாள். என்னைவிட மெதுவாக, என்னைவிட நன்றாக. தியேட்டரில் நின்று நின்று பழகிய கால்கள் அவளுக்கு. அசையாமல் நின்றாள்.

நடுவில் ஒரு தடவை முள்ளில் கொடி சிக்கியது. கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல் என் பக்கம் உள்ளங்கையை நீட்டி, "இடுக்கி" என்றாள். நான் ஓடிப்போய் எடுத்து வைத்தேன்.

"திருப்பி வெச்சிருக்கீங்க. பிடி என் பக்கம் இருக்கணும்."

சாப்பாட்டு நேரம் தாண்டிப் போனது. நான் தட்டில் போட்டுக் கொடுத்ததை நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டாள். வெயில் சாய்ந்தது. வாளியில் விரால் அவ்வப்போது ஒரு தட்டு தட்டியது. ஒரு தடவை அவள் தவளைக்குப் பின்னால் தண்ணீர் பெரிதாகச் சுழித்தது. "வந்துச்சு, வந்துச்சுங்க," என்று கத்தினாள். மீன் கடிக்காமல் திரும்பிவிட்டது. அவள் முகம் எப்படிச் சிவந்திருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. இத்தனை வருஷமாக இந்த முகத்தைப் பார்க்காமல் என்ன பிரித்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது.

அவள் ஃபோன் அடித்தது. தியேட்டர் சிஸ்டர். மெசேஜ் எப்போது போனதோ, அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறார். அவளுக்கு இரண்டு கையும் ராடில் இருந்தது. "எடுத்துக் காதுல வையிங்க," என்றாள். வைத்தேன். சிஸ்டரின் குரல் பெரிய குரல், எனக்கும் கேட்டது. அடுத்த ஞாயிறு காலை ஷிஃப்டில் பெயர் எழுதிவிடட்டுமா என்று கேட்டார்.

"வேணாம் சிஸ்டர், எழுதாதீங்க," என்றாள். கண் தவளை மேலேயே இருந்தது. "அதுக்கு அடுத்த ஞாயிறும் வேணாம்."

"ஏன், வீட்ல ஏதாவது விசேஷமா?"

"வீட்ல ஒண்ணுமில்ல சிஸ்டர். ஏரியில இருக்கேன்."

"ஏரியிலயா? நீதானே ஞாயித்துக்கெழம பொழுது போகல, போர் அடிக்குதுன்னு சொல்லி டூட்டி கேட்ட?"

"ஆமா சிஸ்டர், கேட்டேன்," என்று தவளையை ஒரு தத்து இழுத்தாள். "இப்ப அடிக்கல."

சிஸ்டர் விடவில்லை. என்ன ஏரி, யார் கூட, என்ன மீன், விராலா, குழம்பா வறுவலா என்று கேட்டுக்கொண்டே போனார். அவள் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். என் கை வலிக்க ஆரம்பித்தது. அவள் பேசி முடிக்கும்வரை ஃபோனை அவள் காதிலிருந்து எடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.